பட்டம் கையில் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் பேராதனையில் கலைப்பீடம், மூன்றாம் வருடம். அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முதன்முதலாகக் கெம்பஸ் போனது நான்தான் என்பதால் எல்லோரும் "டீச்சராகிடு" என்கிறார்கள். சீனியர்களோ அரசாங்க நியமனம் வரும்வரை பொறுத்திரு என்கிறார்கள். மொழிபெயர்ப்பு, எழுத்து வேலையெல்லாம் இனி சாட்ஜிபிடி செய்துவிடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. லீவுக்கு வந்தால் லயத்து ஆட்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பதிலேயே நாள் போய்விடுகிறது. நான் இப்போது என்ன செய்வது?
தலவாக்கலை வாசகி

பதில்: தங்கச்சி, கடைசியில் போகிற போக்கில் ஃபார்ம் நிரப்புவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் வேறொரு பெயர் என்று இருக்கிற ஒரு பாட்டியின் சேமலாப நிதிக் காசை எடுத்துக் கொடுப்பதற்கு எதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும், எதற்குக் கிராம சேவகரின் கடிதம் போதும், எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அங்கே இருப்பவரிடம் சிங்களத்தில் பேசி, திரும்பிப் பாட்டிக்குத் தமிழில் விளங்கவைக்கவும் வேண்டும். சாட்ஜிபிடி கடிதத்தை எழுதித் தரும், சரி. பாட்டியோடு பஸ் ஏறிப் போய் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறவர் நீங்கள்தான். இதை நீங்கள் வேலை என்றே கணக்கில் எடுக்கவில்லை, எனக்கு அதுதான் கவலை.

நியமனத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களாக ஆயிரக்கணக்கானோரை அரசாங்கம் எடுத்தது உண்மை, ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுகிவிட்டது. ஆசிரியர் வெற்றிடத்துக்கு விண்ணப்பம் கோரினால் கட்டாயம் போடுங்கள், போட்டிப் பரீட்சை எழுதுங்கள், தோட்டப் பாடசாலைகளுக்கு நல்ல டீச்சர்மார் தேவைதான். ஆனால் அதையே நம்பி வீட்டில் இருந்து இரண்டு மூன்று வருடத்தைத் தொலைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் அப்படி இருக்கக் கூடாது.

நான் சில நேர்முகப் பரீட்சைகளில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். "குழுவாக வேலை செய்வீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் பையிலிருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்தியிருக்கிறாள், யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தாள், மழையில் நனைந்து சில பக்கங்களில் மை பரவியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அவளிடம் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. வேலை அவளுக்குத்தான்.

நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், பிரச்சினை என்ன, எந்தக் கந்தோர், எத்தனை தடவை அலைந்தீர்கள், எப்படி முடிந்தது, இவ்வளவு போதும். அதையே எக்ஸலில் ஏற்றப் பழகினால் கணினியும் கைவந்துவிடும். அப்புறம் சிங்களம். பேசுவது வேறு, எழுதுவது வேறு, அரசாங்கக் கடிதத்துச் சிங்களம் இன்னும் வேறு. அரசகரும மொழிகள் திணைக்களம் மொழித் தேர்ச்சிப் பரீட்சை வைக்கிறது, அதைக் குறிவைத்துப் படியுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, ஆனாலும் தமிழில் ஒரு கடிதம் கொடுத்தால் வாசிக்க ஆளில்லாத கந்தோர்கள் இன்றைக்கும் மலையகத்தில் இருப்பது உங்களுக்கே தெரியும். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவருக்கு அரச கந்தோர் மட்டுமல்ல, வங்கி, காப்புறுதி, தொண்டு நிறுவனம் என்று பல பக்கமும் வழி இருக்கிறது. கெம்பஸிலேயே தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கும், இறுதி வருடம் வரட்டும் என்று இருக்காமல் இந்தத் தவணையே போய் ஒரு மாதிரி நேர்முகப் பரீட்சை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மகன் உயர்தரத்தில் சித்திதான், கெம்பஸ் போக வெட்டுப்புள்ளி போதவில்லை. என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) படிக்கச் சொன்னால் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்கிறான்.
பதுளை தகப்பன்

பதில்: அண்ணன், என்.வி.கியூ. ஏழு மட்டம் வரை போகிறது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அதனால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்ற பயம் தம்பிக்கு வேண்டாம். பதுளையிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஹோட்டல் துறையில் விருப்பம் என்றால் பண்டாரவளையில் அரசாங்க ஹோட்டல் பள்ளியும் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் ஒரு வார நாளில் மகனையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். தனியார் இடமென்றால், காசு கட்ட முதல் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த இடமும், அந்தக் குறிப்பிட்ட பாடநெறியும் பதிவில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.