மாமாவின் தம்ளர்

கேள்வி: என் தம்பிக்கு ஹெச்.ஐ.வி இருப்பது போன வருடம் தெரிந்தது. அரசு ஏ.ஆர்.டி (ஹெச்.ஐ.வி மருந்து) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான். கடைசி ரிப்போர்ட்டில் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். நசுங்கிய தம்ளர் ஒன்றில்தான் அவனுக்குக் காபி கொடுப்பேன். போனதும் வெந்நீர் ஊற்றித் தனியாகக் கழுவி வைப்பேன். நான் விலங்கியல் படித்தவள், தம்ளரால் பரவாது என்று தெரியும். போன மாதம் என் நான்கு வயது மகள் மாமாவின் தம்ளரில் வாய் வைக்கப் போனாள், வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் பையில் தண்ணீர் பாட்டிலோடு வருகிறான். “காபி வேண்டாம்க்கா” என்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்குமா? எல்லாம் தெரிந்தும் என் கை ஏன் இப்படிச் செய்கிறது? கணவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லலாமா? அந்தத் தம்ளரைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தெரிந்திருக்கும், அம்மா. பிடுங்கிய அன்றைக்கு அல்ல, ஒரே தம்ளர் இரண்டாவது ஞாயிறும் வந்தபோதே தெரிந்திருக்கும். இவ்வளவு நாளும் அக்கா மனம் நோகக் கூடாதென்று குடித்திருக்கிறான். குழந்தை குறுக்கே வந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

உங்கள் கையைப் பற்றிச் சொல்கிறேன். பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது சகாக்களும் 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் போட்டுக் கழற்றிய ஸ்வெட்டர், நன்றாகச் சலவை செய்தாகிவிட்டது, நீங்கள் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். எய்ட்ஸ் உள்ளவர் போட்டது என்றதும் பலருக்கும் வேண்டாமென்று தோன்றியது. இதில் ஆச்சரியமில்லை. ஆனால் கொலைக் குற்றவாளி போட்டதையும் தள்ளினார்கள், கார் விபத்தில் காலை இழந்தவர் போட்டதைக்கூடக் கூசினார்கள். வெட்டுப்பட்ட கால் யாருக்குத் தொற்றும்? ஆக, கிருமி பயம் அந்த அருவருப்பில் ஒரு பங்குதான். அந்நியன் என்பது, ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்பது, துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லாம் அதில் கலந்திருக்கிறது. உங்கள் விலங்கியல் கிருமிக்குப் பதில் சொல்லிவிட்டது. மற்றதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை.

நம் ஊருக்குத் தனித் தம்ளர் புதிதா என்ன? டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர் இது. என் பெரியப்பாவுக்குக் காசநோய் குணமான பிறகும் அவருடைய அலுமினியத் தட்டு, அவர் சாகும்வரை தாழ்வாரத்து ஆணியில்தான் தொங்கியது. எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தத் தட்டை ஒருநாளும் நானும் உள்ளே எடுத்து வைத்ததில்லை. போதாததற்கு, இருபது வருடங்களுக்கு முன் சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? எய்ட்ஸ் என்ற வார்த்தையை ஊர் வாய்க்குக் கொண்டுவந்தது அந்த விளம்பரம், மறுக்கவில்லை. ஆனால் இது புள்ளிராஜா மாதிரி பல பெண்களிடம் போகும் ஆட்களுக்கு வருவது என்றும் சேர்த்தே சொல்லிக் கொடுத்துவிட்டது என்பது என் எண்ணம்.

அறிவுக்கு இன்னும் ஆதாரம் வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். ஐரோப்பாவில் 14 நாடுகளில், ஒருவருக்கு ஹெச்.ஐ.வி இருந்து, உங்கள் தம்பிக்குப் போலவே மருந்தால் வைரஸ் அடங்கிய, மற்றவருக்கு இல்லாத 888 ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2016-ல் வந்தன. ஆணுறை இல்லாத உறவு மட்டும் சுமார் 58,000 முறை. துணையிடமிருந்து துணைக்கு ஒரு முறைகூடத் தொற்றவில்லை. படுக்கையிலேயே இப்படி என்றால் காபித் தம்ளருக்கு எதற்கு வெந்நீர்?

தம்பி பக்கமும் ஒன்று இருக்கிறது. மும்பையிலும் பெங்களூரிலும் ஹெச்.ஐ.வி உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் தெரிந்தது இது: தனக்கே அவமானம் நடக்க வேண்டும் என்பதில்லை. இன்னாரை வீட்டை விட்டு அனுப்பினார்களாம், இன்னாரை ஆஸ்பத்திரியில் தொடவே இல்லையாம் என்று காதில் விழும் கதைகளே போதும். ஊரே இப்படித்தான் என்று முடிவு கட்டி, நோயை மறைத்து, உள்ளுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழிப்பவர்கள் இவர்கள்தான். உங்கள் தம்பி அப்படி எத்தனை கதை கேட்டிருப்பானோ, அவன் அக்காவும் இப்போது அதில் ஒரு கதை.

அதனால் அவனை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் உங்களைத் தேற்றும் வேலையும் அவன் தலையில் விழும். வருகிற ஞாயிறு, கேட்காமல் காபி போடுங்கள். எல்லாருக்கும் ஒரே தட்டில், ஒரே மாதிரி தம்ளரில் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள். எல்லாத் தம்ளரையும் ஒரே தொட்டியில் போடுங்கள். முதல் நாலைந்து வாரம் கை வெந்நீரைத் தேடும். தேடட்டும். கூச்சம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் நடக்காது, செய்யச் செய்யத்தான் அது போகும்.

கணவரிடம் சொல்வதை முடிவு செய்ய வேண்டியது தம்பி. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி சட்டப்படி, சம்மதமில்லாமல் ஆஸ்பத்திரியோ முதலாளியோகூட இதை வெளியே சொல்லக் கூடாது. அக்கா வீட்டுக்குப் போலீஸ் வரப்போவதில்லை, ஆனாலும் நியாயம் ஒன்றுதான். “அத்தானிடம் சொல்லவா?” என்று அவனைக் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

அவன் தனியாகத் தவிக்கிறான் என்று தோன்றினால் ஹெச்.ஐ.வி ஆலோசனைக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது. அதைவிட, தன்னைப் போன்ற நாலு பேரைப் பார்ப்பது நல்லது. 1998-ல், ஹெச்.ஐ.வி உள்ள கௌசல்யாவும் வேறு சில பெண்களும் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கியபோது, இதை முகம் காட்டிச் சொல்லவே ஆள் கிடையாது. இன்று அப்படியில்லை, ஏ.ஆர்.டி மையக் கவுன்சிலரைக் கேட்டால் பக்கத்தில் உள்ள கூட்டமைப்பைச் சொல்வார். அப்புறம், அவனுக்குக் கல்யாணமே கிடையாது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். 1986-ல் மாணவி நிர்மலாவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், பின்னாளில் பாசிட்டிவ் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துக் கொடுத்தவர்.

அந்தத் தம்ளரைத் தூக்கிப் போடாதீர்கள். மற்றவற்றோடு கலந்து ஸ்டாண்டில் கவிழ்த்து வையுங்கள். ஞாயிறு காலை அது யார் கைக்கு வருகிறதோ வரட்டும்.