கிளவுஸுக்கு முன்னால் துணி

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பாக்ஸிங், பட்டாளம் இரண்டும் வேண்டுமாம். ஒருவரால் இரண்டிலும் பேர் வாங்க முடியுமா? – ஒரு தாய், திருப்பத்தூர்

பதில்: ஹவா சிங் வாங்கினாரே, அம்மா! ஹரியானாக்காரர். 1956-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். 1961-லிருந்து தொடர்ந்து 11 தடவை ஹெவிவெயிட் தேசிய சாம்பியன். 1962 ஆசியப் போட்டிக்குப் போயிருக்க வேண்டியவர். சீன எல்லைப் பதற்றம் வந்து தடுத்துவிட்டது. சீருடை போட்டால் அப்படித்தான். ஆனால் 1966, 1970 இரண்டு முறையும் பாங்காக்கிலிருந்து தங்கத்தோடு திரும்பினார். பிறகு ஹரியானாவின் பிவானியில் பிள்ளைகளுக்குக் கோச். கோச்களுக்கான துரோணாச்சாரியார் விருது கைக்கு வர இரண்டு வாரம் இருக்கும்போது, 2000 ஆகஸ்டில் போய்விட்டார்.

நானும் 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன்தான். ரிங்கில் மூன்றே சண்டை. மூன்றிலும் செம அடி! எங்கள் கோச் ஒரு சுபேதார். முதல் மாதம் கிளவுஸைத் தொடவே விடவில்லை. கையில் துணி சுற்று, அவிழ், மறுபடி சுற்று. கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக. முஷ்டி மடக்கினால் இறுகணும், விரித்தால் தளரணும். தப்பாகச் சுற்றியவன் மைதானத்தை ஐந்து சுற்று ஓடணும். நான் நிறைய ஓடியிருக்கிறேன்.

ராணுவத்தின் சிறுவர் விளையாட்டுக் கம்பெனியில் 8 முதல் 14 வயதுப் பையன்களை எடுப்பார்கள். படிப்பும் அங்கேயே. உங்கள் பையனுக்கு நாள் குறைவு, சீக்கிரம் விசாரியுங்கள்.