சிட்னியில் பெரிய வீடு, பெரிய இன்சூரன்ஸ் பில்: பணம் எங்கே போகிறது?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே. சிட்னி வடமேற்கில் ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் ஐந்து படுக்கையறை மாடி வீடு ஒன்றை 18 லட்சம் டாலருக்கு வாங்குகிறீர்கள், செட்டில்மென்ட் (மீதிப் பணம் கொடுத்து வீடு கைமாறும் நாள்) அடுத்த மாதம், வங்கி இன்சூரன்ஸ் சான்று கேட்கிறது. ஆன்லைனில் விலை கேட்டால் ஒரு கம்பெனி வருடத்துக்கு 2,900 டாலர் என்கிறது, இன்னொன்று 5,000-ஐத் தாண்டுகிறது, அதே ஏரியாவில் இருக்கும் உங்கள் ஆபீஸ் நண்பரோ 1,800தான் கட்டுகிறார். பெரிய வீடு என்று தீட்டுகிறார்களா, பாதித் தொகைக்குப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அதற்கு முன் அந்த 18 லட்சத்தை மறந்துவிடுங்கள். அதில் பெரும்பங்கு மண்ணின் விலை, மண் எரியாது. இன்சூரன்ஸ் போட வேண்டியது, வீடு தரைமட்டமானால் அதே இடத்தில் அதே மாதிரி திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு. உங்கள் வீடு கராஜ் எல்லாம் சேர்த்து 320 சதுர மீட்டர், கட்ட சதுர மீட்டருக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 9 லட்சத்து 60 ஆயிரம். இதோடு இடிபாட்டை அள்ளிப் போடும் செலவு, வரைபடம், கவுன்சில் அனுமதி, டிரைவ்வே, வேலி, மண்சரியாமல் கட்டிய தடுப்புச் சுவர், சோலார் பேனல் என்று பட்டியல் நீளும். கம்பெனிகளின் வலைத்தளத்திலேயே கணக்குப் போடும் கருவி இருக்கும். இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள், கல் பெஞ்ச்டாப், உயரமான கூரை, டக்டட் ஏசி எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறியுங்கள். 2003 ஜனவரியில் கான்பெராவில் காட்டுத்தீ ஊருக்குள் புகுந்து ஏறக்குறைய 500 வீடுகளை எரித்தது. கிடைத்த தொகை திரும்பக் கட்டப் போதவில்லை என்று பலர் கண்டுகொண்டது அதற்கப்புறம்தான்.

பாதித் தொகைக்குப் போட்டால் பிரீமியமும் பாதியாகும் என்று நினைக்கிறீர்கள், அப்படி ஆகாது. முழு வீடும் போவது அபூர்வம். ஆலங்கட்டி மழையில் கூரை உடைவது, குழாய் வெடித்து மாடியிலிருந்து தண்ணீர் இறங்குவது, இந்த மாதிரி நடுத்தரச் சேதங்களுக்கான விலைதான் பிரீமியத்தில் பெரும்பகுதி, அது தொகையைக் குறைத்தாலும் அவ்வளவாகக் குறையாது. மேலும், கட்டும் செலவில் 80 சதவீதத்துக்கும் கீழே போட்டிருந்தால் சின்ன கிளெய்மிலும் விகிதம் பார்த்துத் தொகையைக் குறைத்துக் கையைக் கடிக்க 1984-ஆம் வருட இன்சூரன்ஸ் ஒப்பந்தச் சட்டம் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. உங்கள் பாலிசியில் இந்த முறைக்குப் பெயரான 'ஆவரேஜ்' என்ற வார்த்தை வருகிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரி, 2,900 எப்படி வருகிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன், எண்கள் கணக்குக்காக வைத்தவை. கம்பெனியின் சொந்த பிரீமியம் 2,000. அதன் மேல் எமர்ஜென்சி சர்வீசஸ் லெவி 400 போல. இரண்டும் சேர்த்து 2,400, அதன் மேல் 10 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,640. அந்த மொத்தத்தின் மேல் மாநில ஸ்டாம்ப் டியூட்டி 9 சதவீதம், 237 டாலர் 60 சென்ட். கடைசியில் 2,877 டாலர் 60 சென்ட். வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் இன்னொரு வரி! தீயணைப்புத் துறைக்கும் எஸ்இஎஸ் என்ற மாநில அவசரகால உதவிப் படைக்கும் ஆகும் செலவில் பெரும்பங்கை இன்சூரன்ஸ் போடுபவர்களிடமே வசூலிப்பது நியூ சவுத் வேல்ஸின் பழைய ஏற்பாடு. விக்டோரியா 2013-லேயே இந்த லெவியை இன்சூரன்ஸிலிருந்து எடுத்து கவுன்சில் ரேட்ஸ் (சொத்து வரி) பில்லுக்கு மாற்றிவிட்டது, அதனால் மெல்போர்ன் உறவினர் கட்டுவதோடு ஒப்பிட்டு வயிறெரிய வேண்டாம். இன்சூரன்ஸே போடாதவன் வீடு எரிந்தாலும் அதே வண்டிதான் வருகிறது, அவன் பங்கையும் நாம் கட்டுகிறோம் என்பது என் புலம்பல், அது கிடக்கட்டும்.

இந்த வரிகளெல்லாம் 2,900-க்கும் உண்டு, 5,000-க்கும் உண்டு. அந்த வித்தியாசத்துக்கும் உங்கள் நண்பரின் 1,800-க்கும் காரணம் வேறு, அநேகமாகத் தண்ணீர். உங்கள் பக்கம் ஈஸ்டர்ன் கிரீக் ஓடுகிறது, அது சவுத் கிரீக்கில் சேர்ந்து விண்ட்சர் பக்கம் ஹாக்ஸ்பரி ஆற்றுக்குப் போகிறது. ஹாக்ஸ்பரி கீழே குறுகலான மலை இடுக்கு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும், பெருமழையில் அந்த வாய் போதாமல் தண்ணீர் பின்வாங்கி ஓடைகள் வழியே மேலேறும். 2021 மார்ச், 2022 மார்ச், மறுபடி ஜூலை என்று விண்ட்சர் பக்கம் வரிசையாக மூழ்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதனால் கம்பெனிகள் சபர்பைப் பார்த்து விலை போடுவதில்லை, முகவரியைப் பார்த்துப் போடுகின்றன. மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஒரு விலை, அதே தெரு சரிந்து ஓடைப் பக்கம் இறங்கும் முனையில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு மடங்கு. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் ஆபத்தை வேறு மாதிரி எடைபோடுவதால் ஒரே வீட்டுக்கே 2,900-உம் வரும், 5,000-உம் வரும்.

நண்பரிடம் 'எவ்வளவு கட்டுகிறாய்' என்று கேட்டால் போதாது. எவ்வளவு தொகைக்கு, எக்ஸஸ் (கிளெய்மில் நம் கையிலிருந்து போடும் தொகை) எவ்வளவு, ஃப்ளட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் ஃப்ளட்டை எடுத்துவிட்டு விலை கொடுக்கும், அந்தப் பொத்தானைத் தட்டினால் எண் சரசரவென்று இறங்குவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 2011 ஜனவரி பிரிஸ்பேன் வெள்ளத்தில் எத்தனையோ பேர் 'உங்கள் பாலிசியில் ஆற்று வெள்ளம் இல்லை' என்ற பதிலைத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு 2012-ல் ஃப்ளட் என்றால் என்ன என்பதை அரசே ஒரே மாதிரி வரையறுத்தது: ஆறு, ஏரி, ஓடை, கால்வாய், அணை ஆகியவற்றிலிருந்து வெளியேறிய, அல்லது திறந்துவிடப்பட்ட தண்ணீர், வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் நிலத்தை மூடுவது. நம்மூர்க் கணக்கில், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்டு அடையாற்றில் வந்தது ஃப்ளட். கூரை வழியாக நேரே வீட்டுக்குள் இறங்கிய மழை ஸ்டார்ம், அது சாதாரண பாலிசியிலேயே பொதுவாக உண்டு. குளியலறைத் தரைக்கு அடியில் மாதக்கணக்கில் கசிந்து மரம் உளுத்துப்போனால் அது பராமரிப்புக் குறை என்று கையை விரிப்பார்கள். கட்டரில் (கூரை ஓரத்து மழைநீர்த் தகரக் கால்வாய்) இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே வந்த வழக்கிலும் இதையே சொல்லப் பார்ப்பார்கள், ஆகவே வருடத்துக்கு ஒருமுறை கட்டரைச் சுத்தம் செய்த ரசீதையும் ஒரு போட்டோவையும் எடுத்து வையுங்கள்.

ஃப்ளட்டை எடுக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், உங்கள் விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கும் 10.7 திட்டச் சான்றைப் பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். அந்த நிலத்துக்கு வெள்ளம் சம்பந்தப்பட்ட கட்டுப்பாடு இருக்கிறதா, காட்டுத்தீ ஆபத்துப் பகுதியா என்று அதில் இருக்கும். கவுன்சிலிடம் வெள்ள மட்டத் தகவலும் கேட்டு வாங்கலாம்.

பிரீமியத்தைக் குறைக்க நேர்மையான வழி எக்ஸஸை ஏற்றுவதுதான். 500-ஐ 2,000 ஆக்கிப் பாருங்கள். 800 டாலர் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போட்டு அடுத்த வருட விலையைக் கெடுத்துக்கொள்வதைவிட அது நல்லது. மாதத் தவணைக்குக் கூடுதல் கட்டணம் இருக்கிறதா பாருங்கள். வருடா வருடம் ரினியூவல் வரும்போது அதே கம்பெனியின் தளத்தில் புது ஆளைப் போல விலை கேளுங்கள், பழைய வாடிக்கையாளருக்குத்தான் விலை அதிகம் என்பது பல சமயம் தெரியவரும். போன் போட்டுச் சொன்னால் இறங்கி வருவார்கள்.

அப்புறம் உள்ளே இருக்கும் பொருட்கள். வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எதெல்லாம் விழுமோ அது கன்டென்ட்ஸ், ஒட்டிக்கொண்டு நிற்பது பில்டிங் என்று வையுங்கள். கார்பெட்டும் திரைச்சீலையும் பாலிசிக்குப் பாலிசி மாறும். நம் வீடுகளில் எல்லோரும் டிவி, சோபா, ஃபிரிட்ஜ் என்று கூட்டி 60,000 போட்டுவிடுகிறார்கள். வீட்டம்மாவின் பீரோவைத் திறந்தால் பட்டுப் புடவைகள் மட்டுமே அதில் கால்வாசி தேறும். தங்கத்தில்தான் பெரிய பள்ளம். கன்டென்ட்ஸுக்கு ஒன்றரை லட்சம் டாலர் போட்டிருந்தாலும் நகைக்கென்று தனி உச்சவரம்பு இருக்கும், மொத்தத்துக்கே சில ஆயிரம்தான், அதற்கு மேல் வேண்டுமானால் ஒவ்வொரு நகையையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடி வெளியே தொலைந்தால், வெளியே எடுத்துப்போகும் பொருட்களுக்கான கூடுதல் கவர் இல்லாமல் சல்லிக்காசு வராது. தி.நகர்க் கடை பில், எடை, காரட், இங்கே எடுத்த மதிப்பீட்டுச் சான்று, கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெரியும் படம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டுக்கு வெளியே சேமித்து வையுங்கள். தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்துக்குப் பழைய மதிப்பீடு ஒன்றுக்கும் ஆகாது. உங்கள் வீட்டில் அப்படி நிறைய இருந்தால் நான் சொல்வது, பாதியை வாடகைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள், அது மலிவு.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது இன்னொன்று. பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 60 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் கவர் சுருங்கும் அல்லது எக்ஸஸ் ஏறும். நீண்ட விடுப்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், யாரையாவது வந்து தங்கவும் வையுங்கள். கிரானி ஃப்ளாட்டை (வீட்டு வளாகத்திலேயே இருக்கும் சிறு தனி வீடு) வாடகைக்கு விட்டாலும், வீட்டில் ட்யூஷனோ புடவை வியாபாரமோ நடத்தினாலும் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொய் பதில் கொடுத்தால் கிளெய்ம் நேரத்தில் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியிடமே எழுத்தில் புகார், அதற்கும் மசியாவிட்டால் நிதிப் புகார்களை விசாரிக்கும் ஆஃப்கா (AFCA) அமைப்பு. செலவில்லை, வக்கீல் தேவையில்லை.

இந்த மாநிலத்தில் செட்டில்மென்ட் வரை வீட்டுக்கு ஏதாவது ஆனால் விற்பவர் பாடு, குயின்ஸ்லாந்தில் போல ஒப்பந்தம் போட்ட அடுத்த வேலைநாளே நம் தலையில் விழாது. ஆகவே அவசரப்பட வேண்டாம், பாலிசி செட்டில்மென்ட் தேதியிலிருந்து தொடங்கட்டும், வங்கியின் பெயரும் அதில் வரட்டும். வாங்கினபின் மனம் மாறினால் குறைந்தது 14 நாள் ரத்து செய்ய அவகாசம் உண்டு. அந்த 10.7 சான்றை இன்று இரவே எடுத்துப் பாருங்கள், வெள்ளம் பற்றிய பத்தியில் என்ன போட்டிருக்கிறது என்றும், அந்த 2,900-க்கு ஃப்ளட் உண்டா இல்லையா என்றும் எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.