ஆழ்கடல் துறைமுகம் கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எதற்கு?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கத் தோட்டங்களில் கேரித் தீவுத் துறைமுகப் பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்வி இது. கட்டுவதற்கு முன்பே பாதிப்பைக் கணித்து, அதைக் குறைக்கும் வழியையும் எழுதித் தருவதுதான் இந்த மதிப்பீடு. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவு இதைக் கேட்கிறது.

முக்கியக் காரணம் சேறு. பெரிய கப்பல் வர கடலடியைத் தோண்ட வேண்டும். கலங்கிய சேறு நீரோட்டத்தோடு போய் வேறெங்கோ படியும். தீவில் கண்டல் காடும் மா மெரி பழங்குடி மக்களின் கிராமங்களும் இருக்கின்றன. நண்டும் மீனும் வளர்வது அந்தச் சதுப்பில்தான்.

தோட்டத்தில் புதுக் கால்வாய் வெட்டினால், மழைக்கு எந்த லயத்து வீடுகளில் தண்ணீர் ஏறும் என்று முதலில் பார்ப்போமே, அதுபோலத்தான். அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தால் கட்டாயம் படித்துக் கருத்து எழுதிக் கொடுங்கள்.

அறிக்கை ஏற்கப்பட்டாலே கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நிலத்துக்கும் திட்டமிடலுக்கும் தனி அனுமதி வேண்டும்.