சர்வர் கத்துகிறது: இம்போர்ட்டா, கிளியரா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) கணக்கு பார்க்கிறேன். எங்கள் சர்வரில் நான்கு 2 டிபி டிஸ்க்குகள், ரெய்டு 5 (நான்கையும் ஒரே டிஸ்க்போலச் சேர்க்கும் முறை). போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து ஒரே பீப் சத்தம், ஒரு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு. சர்வீஸ் பையன் அதை உருவி, மறுபடி செருகினான். இப்போது ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று காட்டுகிறது. இம்போர்ட் கொடுக்கவா, கிளியர் கொடுக்கவா? ‘எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுரலாம்’ என்கிறான் பையன். டேலி கணக்கு மென்பொருள் மட்டும் வழக்கம்போல ஓடுகிறது.

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, டேலி ஓடுகிறது என்று, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனாலும், மீதி மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு, போனதில் இருந்ததைக் கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை மேய்க்கும் அட்டை) சொல்லிவிடும். இன்னொன்று போனால் அவ்வளவுதான். அதனால் இப்போதைக்கு எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். இன்று ராத்திரியே டேலி ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். ‘ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?’ என்று கேட்பவரைச் சர்வர் அறைக்குள் விடக்கூடாது.

இனி உங்கள் கேள்வி. எந்தக் குழுவில் தான் எத்தனையாவது என்ற குறிப்பு ஒவ்வொரு டிஸ்க்கிலும் உண்டு. வெளியே போய் வந்த டிஸ்க்கின் குறிப்பும் கன்ட்ரோலர் வைத்திருக்கும் குறிப்பும் ஒத்துப்போகாதபோதுதான் ‘ஃபாரின்’ என்கிறது. இம்போர்ட் என்றால் டிஸ்க்கில் உள்ள குறிப்பை ஏற்றுக்கொள்வது, கிளியர் என்றால் அந்தக் குறிப்பை அழிப்பது. மூன்று டிஸ்க் ஆன்லைனில் இருந்து, ஒன்று மட்டும் ஃபாரின் என்றால் கிளியர் கொடுக்கலாம். அதில் இருப்பது போன வாரத்துச் சரக்கு. ஆனால் அந்த டிஸ்க்கையே திரும்பச் சேர்க்காதீர்கள், புதிது போடுங்கள்.

ஒரேயொரு விதிவிலக்கு, கவனமாகப் படியுங்கள். இரண்டோ மூன்றோ டிஸ்க் ஒரே நேரத்தில் ஃபாரின் என்று காட்டி, டேலியும் திறக்கவில்லை என்றால், கிளியர் கொடுக்கவே கூடாது. நல்ல டிஸ்க்குகள் ஒரே நிமிடத்தில் கூட்டமாகச் சாவதில்லை. கேபிளோ, பேக்பிளேனோ (டிஸ்க்குகளைச் செருகும் பலகை), பவர் சப்ளையோ காரணமாக இருக்கும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு இம்போர்ட் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் கன்ட்ரோலரின் ஈவன்ட் லாகில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு) எது முதலில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் விழுந்ததில் பழைய டேட்டா, கடைசியில் விழுந்ததில்தான் புதியது. டிஸ்க்கை மாற்றி ஃபோர்ஸ் ஆன்லைன் (கட்டாயமாகக் குழுவில் சேர்ப்பது) கொடுத்தால் நேற்றைய கணக்கும் மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்கும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இப்படி இரண்டு மூன்று டிஸ்க் ஃபாரின் என்று வந்தால் சர்வரை அணைத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ‘இனிஷியலைஸ்’ (எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவது) என்ற சொல் திரையில் வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம். ‘ஒண்ணும் பேடிக்காண்டாம் அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்’ என்று ஒருவர் வருவார். பெரிய டேட்டா சென்டரில் ஓடித் தேய்ந்த டிஸ்க்கைத் துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, புதிது என்று தருவார். ஓடிய மணிநேரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 40,000 மணி என்றால் நாலரை வருடம் ஓடியது. அந்தக் கணக்கையே பூஜ்யமாக்கி விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியிலேயே வெளிவந்தது. ஆகவே லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், பில்லில் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் விலை குறைவு என்று அதையும் வாங்காதீர்கள். கெட்ட இடம் ஒன்று வந்தால் அந்த டிஸ்க் அதைப் படிக்க முயன்று முட்டிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோலரோ செத்துவிட்டது என்று தள்ளிவிடும். ரெய்டுக்கென்று செய்த டிஸ்க் சுமார் 7 நொடியில் கைவிட்டுவிடும். கொள்ளளவு பழையதைவிட இம்மிகூடக் குறையக்கூடாது. எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க்குகளின் ஓர் இணைப்பு வகை) இருந்த இடத்தில் எஸ்ஏஎஸ்தான்.

வாரண்டி இருந்தால் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லாக் அனுப்பு, போட்டோ அனுப்பு, பின்கோடு சொல்லு என்று மூன்று நாள் ஓடும். ‘மறுநாளே சர்வீஸ்’ என்று கையெழுத்து வாங்கியவர்களுக்குக் குமரி மாவட்டம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே அப்போதுதான் தெரியும்.

மாற்றும்போது ஒன்று. ஸ்லாட் எண் பல சர்வரில் 0-இல் தொடங்கும். ஸ்லாட் 2 என்றால் மூன்றாவது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் இரண்டாவதை உருவிவிட்டார்கள். நான் போனபோது பில் கவுன்டரில் டிஸ்சார்ஜ் சீட்டோடு வரிசை வாசல்வரை நின்றது, உருவின டிஸ்க் மேஜைமேல் இன்னும் சூடாக இருந்தது. மென்பொருளில் ‘லொகேட்’ கொடுத்தால் அந்த டிஸ்க்கின் விளக்கு மின்னும். அதைப் பார்த்து உருவுங்கள்.

புதியதைப் போட்டதும் ரீபில்டு (போனதில் இருந்ததைப் புதியதில் எழுதி நிரப்புவது) பெரும்பாலும் தானே தொடங்கும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபிக்கு ஐந்தரை மணி நேரம், வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். அத்தனை நேரமும் மற்ற மூன்று டிஸ்க்கையும் முழுக்கப் படித்தாக வேண்டும். நான்கும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் இன்னொன்று அப்போதுதான் காலை வாரும். காப்பியை முதலில் எடுக்கச் சொன்னது அதனால்தான். சனிக்கிழமை சாயங்காலம் யுபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். ரீபில்டு முடியும்வரை பையனை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள்.