அமாவாசை மீது பழி போடலாமா?

உடலின் இயல்பான சுழற்சிகளுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பு குறித்து வந்த மூன்று கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். மாதத்தில் ஐந்தாறு நாட்கள் காரணமே தெரியாமல் கோபமும் அழுகையும் வருகின்றன. அந்த நாட்களில் கை ஓடுவதில்லை. கடையில் கழித்துவிடும் பீடியும் கூடிவிடுகிறது. “அமாவாசை நெருங்குதுல்லா, அதான் இவ இப்படி இருக்கா” என்கிறார்கள் என் அத்தை. எனக்கு மாதவிடாய் 26 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. இது மனநோயின் தொடக்கமா?
– வாசகி, முக்கூடல் வட்டாரம்

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், சகோதரி. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே ஏறத்தாழ 29½ நாட்கள். உங்கள் சுழற்சியோ 26 நாட்கள். இரண்டும் ஒருமுறை சேர்ந்து வந்தாலும் அடுத்த முறை மூன்றரை நாள் விலகிவிடும். நான்கு சுழற்சிகள் முடிவதற்குள் பதினான்கு நாள் விலகி, பௌர்ணமிப் பக்கம் போய் நின்றுவிடும். ஆகவே, வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரையே சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் அன்றைய மனநிலைக்குச் சுழியத்திலிருந்து (நலம்) மூன்றுவரை (மிக மோசம்) ஓர் எண் போடுங்கள். மோசமான எண்கள் அமாவாசையைத் தொடர்ந்து போனால் அத்தை சொன்னது சரி. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கூடி, வந்த சில நாட்களில் வடிந்துவிட்டால் காரணம் வானத்தில் இல்லை. என் கணிப்பு இரண்டாவதுதான். மருத்துவர்களும் இதை உறுதிப்படுத்தக் குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கான இத்தகைய குறிப்பையே கேட்பார்கள்.

கருமுட்டை வெளியேறிய பிறகு உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்கிறது. கரு தரிக்காவிட்டால் அதுவும் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சரிகின்றன. மூளையை அமைதிப்படுத்தும் அமைப்பும், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அசைகின்றன. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: கடுமையாகத் துன்பப்படும் பெண்களுக்கும் ஹார்மோன் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், இயல்பான அந்த மாற்றத்தையே அவர்களுடைய மூளை கூடுதலாக உணர்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று யாரேனும் அனுப்பிவிட்டால், உங்கள் துன்பம் கற்பனை என்று அதற்குப் பொருளல்ல. அன்றாட வாழ்வையே முடக்கும் கடுமையான வகையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. அதற்குச் செரட்டோனின் சார்ந்த மருந்துகள் உண்டு. சிலருக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் கொடுத்தாலே போதும். மருத்துவரைப் பார்க்கும்போது ரத்தசோகையும் தைராய்டும் உண்டா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடியவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “அந்த நாள் வருது, அதான் கத்துறா” என்று சொல்லி ஒரு பெண்ணின் வாயை அடைப்பது நம் வீடுகளில் மிக எளிது. மாதத்தில் இருபது நாள் விழுங்கிய சொல் அந்த ஐந்து நாளில் வெளியே வந்துவிடுகிறது என்றால், வந்த விதத்தில் குறை காணலாம். சொல்லையே பொய்யென்று தள்ள முடியாது. கோபத்தில் எழுந்த குறைகளை அந்தக் காலண்டரின் பின்புறம் எழுதிவையுங்கள். மாதவிடாய் முடிந்து மனம் தெளிந்த நாளில் எடுத்துப் படிக்கும்போதும் அவை நியாயமாகத் தோன்றினால், அன்றைக்கே அத்தையிடமும் கணவரிடமும் பேசுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் காலண்டருக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். செல்ல இயலாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். “அப்பாவுக்கு நைட் வாரம்லா, பக்கத்துல போவாதிய” என்று என் மனைவி பிள்ளைகளிடம் சொல்லிவைக்கும் அளவுக்கு எரிந்து விழுகிறேன். என் குணமே மாறிவிட்டதா?
– வாசகர், தாழையூத்து

பதில்: உங்கள் குணம் மாறவில்லை, உங்கள் உடல் வேறொரு மணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான், தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்தபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிவதைக் கண்டார். அத்தகைய கடிகாரம் நம் மூளையிலும் இருக்கிறது. அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சிறிது நீளமானது. கண்வழி வரும் வெளிச்சமே அதை நாள்தோறும் சரிசெய்கிறது. நம் பக்கத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் தலைமையிலான குழு, பொழுதே தெரியாத தனியறையில் மனிதர்களை வைத்து இந்த உடல் கடிகாரத்தை ஆராய்ந்திருக்கிறது.

இரவு ஷிப்டில், உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் விடியற்காலையில் நீங்கள் இயந்திரத்தின் முன் நிற்கிறீர்கள். வீடு திரும்பும்போது காலை வெயில் “விடிந்துவிட்டது” என்று மூளைக்குச் சொல்லிவிடுவதால், பகல் தூக்கம் துண்டு துண்டாகிறது. தூக்கம் குறைந்த மூளையில் அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் பகுதி ஓங்கி, அதைத் தடுத்து நிறுத்தும் முன்பகுதியின் பிடி தளர்கிறது. பிள்ளைகள் மீது விழும் எரிச்சல் பெரும்பாலும் இதுதான்.

பேருந்தில் திரும்புகிறவரானால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். பைக்கை நீங்களே ஓட்டினால் வேண்டாம், தூக்கக் கலக்கத்தோடு நாற்கரச் சாலையில் அது ஆபத்து. படுக்கும் அறையின் ஜன்னலைக் கனத்த துணியால் மறையுங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே கடைசித் தேநீரை முடித்துவிடுங்கள். ஷிப்ட் வரிசை காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் செல்வது உடலுக்கு எளிது. உங்கள் ஆலையில் அது தலைகீழாக இருந்தால் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். கோயில் கொடைத் திருவிழாவின் ஒலிபெருக்கிக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. கொடை வாரத்தில் வேறு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வதே வழி.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் மனம் சோர்ந்துபோகிறது. குளிர்நாடுகளில் சொல்லும் பருவகால மனச்சோர்வா இது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த நோய், குளிர்காலப் பகல் மிகவும் சுருங்கிவிடும் வடநாடுகளில் அதிகமாகக் காணப்படுவது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வேறுபாடு. ஆனால் மழை நாட்களில் கதவை அடைத்து வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறோம். நடை குறைகிறது, தூங்கும் நேரமும் கலைகிறது. மேகம் மூடிய காலையின் வெளிச்சமும் வீட்டுக்குள் எரியும் விளக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், விடிந்ததும் அரை மணி நேரம் திண்ணையில் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு விடாமல் நின்று, பசியும் தூக்கமும் கெட்டால், மழை விடட்டும் என்று பாராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.