நெல் அரைக்க எந்த மென்பொருள்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் அரிசி ஆலை, பிரைவேட் லிமிடெட். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் 12 பேர். கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள் வாங்க எஸ்ஏபி பிசினஸ் ஒன், ஓடூ, ஈஆர்பி நெக்ஸ்ட் மூன்றுக்கும் கொட்டேஷன் வந்திருக்கிறது. கடைசியானதற்கு லைசென்ஸ் கட்டணமே இல்லையாம். அதையே எடுத்துவிடலாமா?

பதில்: லைசென்ஸ் கட்டணம் இல்லை என்பது நிஜம். சர்வர், நிறுவித் தருபவர் கூலி, பழைய கணக்கை ஏற்றுவது, ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் காசுதான். மூன்றுக்கும் ஐந்து வருடச் செலவை ஒரே தாளில் எழுதுங்கள். பேச்சுக்கு, ஆளுக்கு மாதம் 700 ரூபாய் என்றால் 12 பேருக்கு 60 மாதத்தில் 5,04,000. 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 5,94,720. அந்த வரி முழுதாகத் திரும்பும் என்று நினைக்க வேண்டாம். லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்குத்தான் 5% வரி. 26 கிலோ பையில் போடுகிறீர்கள் என்றால் அந்த விற்பனைக்கு வரியில்லை. அந்த விகிதத்துக்கு உள்ளீட்டு வரியை (நீங்கள் வாங்கும்போது கட்டி, கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை) திருப்பிக் கட்ட வேண்டும்.

ஓடூவின் இலவசப் பதிப்பில் முழுக் கணக்கு வசதி கிடையாது. கட்டணப் பதிப்பிலும், அவர்கள் சர்வரில் ஓடும் ஸ்டாண்டர்ட் திட்டத்தில் நீங்கள் தனியாக எழுதிய மாட்யூல் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) ஏறாது. கொட்டேஷனில் எந்தத் திட்டம் என்று பாருங்கள். எஸ்ஏபியில் 12 பேருக்கும் எல்லா வசதியும் உள்ள புரொபஷனல் லைசென்ஸ் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குடோன்காரருக்குச் சில வசதிகள் மட்டும் உள்ள லிமிடெட் போதும்.

வாங்குமுன் ஒரு லாட் அரவையை உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நெல் ஒன்று, வருவது நான்கு: அரிசி, நொய், தவிடு, உமி. அடக்கவிலையை இந்த நான்குக்கும் எப்படிப் பிரிக்கிறது? எஸ்ஏபியில் நொய், தவிடு போன்ற உபபொருளை மூலப்பொருள் பட்டியலில் மைனஸ் அளவாகப் போட வேண்டும். ஓடூவில் உபபொருளுக்கு அடக்கவிலையில் சதவீதப் பங்கு தர வேண்டும். அடுத்தது ஈரம். 17% ஈரத்தில் வாங்கிய 100 குவிண்டால், 14% வரை காய்ந்தால் 96.5 குவிண்டால்தான். இந்தக் குறைவை எழுத இடமில்லாத மென்பொருளில் மூன்றரை குவிண்டால் திருட்டுப் போனதாகவே ஸ்டாக் காட்டும். பழி குடோன்காரர் தலையில் விழும்!

இணையத்தில் ஓடும் மென்பொருள் எடைமேடையின் கேபிளை நேராகப் படிக்காது. நடுவில் ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். எழுதுவது யார், கெட்டால் வருவது யார்? கஜா புயலில் டெல்டாவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்காதீர்கள். எடைச்சீட்டு உள்ளூர் கம்ப்யூட்டரிலும் பதிவாகி, இணைய லைன் வந்ததும் மேலே ஏற வேண்டும்.

மாற்றங்களை மூல நிரலுக்குள் கைவைத்துச் செய்ய விடாதீர்கள், அடுத்த பதிப்பில் உடையும். தனி மாட்யூலாகக் கேட்டு, அதன் நிரலையும் வாங்கி வையுங்கள். லாகினை நாலு பேர் பகிர்வதும் கூடாது: 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பு) நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும், பெயர் தப்பாக விழுந்தால் பயனில்லை.

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் இருந்தால் ஈஆர்பி நெக்ஸ்ட். இல்லையென்றால் ஓடூ. உங்கள் அளவுக்கு எஸ்ஏபி கனம்.

கேள்வி: கும்பகோணத்தில் கூட்டு வியாபாரமாகப் பித்தளை விளக்குக் கடை, நான்கு பேர். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டாம், டேலி போதும். விளக்கை எண்ணிக்கையிலும் கிலோவிலும் சேர்த்து வைக்க, ஸ்டாக் ஐட்டத்தில் மாற்று அலகைத் திறந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன திருத்தப் பதிவு விதி கூட்டு வியாபாரத்துக்குப் பொருந்தாது.